ஈறில் ரத்தம் கசிகிறதா? பல் ஆடும் வரை காத்திருக்க வேண்டாம்

பல் துலக்கித் துப்பும்போது நுரையில் ரத்தம் தெரிந்தால், “உடம்புச் சூடு” என்று சொல்லி விட்டுவிடுபவர்கள் நம்மிடையே ஏராளம். சிலர் பயந்துபோய் அந்த இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால், அந்தக் கசிவு பெரும்பாலும் ஈறு நோயின் முதல் அடையாளம். தொடக்கத்தில் வலி இருக்காது என்பதால், பல் ஆடத் தொடங்கிய பிறகே பலர் பல் மருத்துவரைத் தேடிப் போகிறார்கள். ஐம்பது வயதில் பல் விழுவதை “வயசாச்சு” என்று ஏற்றுக்கொள்கிறோம். பெரும்பாலும் அது தடுத்திருக்கக்கூடிய ஒரு நோயின் முடிவு.

நோய் எப்படி முற்றுகிறது?

பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் கிருமிகள் நிறைந்த மெல்லிய படலம் நாள்தோறும் படிகிறது. சரியாகத் துலக்கினால் அது போய்விடும். விட்டுவைத்தால் சில நாட்களிலேயே உமிழ்நீரில் உள்ள தாதுக்களால் இறுகிக் காரையாகிவிடும். காரையைப் பிரஷால் அகற்ற முடியாது.

கிருமிகளை எதிர்த்து ஈறு சிவந்து வீங்குகிறது. இது முதல் கட்டம். முறையாகச் சுத்தம் செய்தால் ஈறு முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்பும். கவனிக்காமல் விட்டால், ஈறு பல்லை விட்டு விலகிப் பை போன்ற இடைவெளி உண்டாகும். பல்லைத் தாங்கும் எலும்பும் கரையும். கரைந்த எலும்பு தானாக வளர்வதில்லை. வாய் நாற்றம், ஈறு கீழிறங்குதல், சீழ், பல் ஆடுதல் எல்லாம் இந்த இரண்டாம் கட்டத்தின் அறிகுறிகள்.

சிகரெட் பிடிப்பவர்களுக்கு நோய் இருந்தும் ரத்தம் அதிகம் கசியாது. புகை ஈறின் ரத்த ஓட்டத்தைக் குறைத்து நோயை மறைத்துவிடும். வெற்றிலை பாக்கு போடுபவர்களுக்கோ சிவந்த எச்சிலில் கசிவு தெரியாமல் போகலாம்.

இனிப்பு நீரும் ஈறும்

2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பதாகக் காட்டியது. இந்தியர்களிடையே அந்த அளவு 30 விழுக்காட்டையும் தாண்டியது. நமக்கு ஈறு நோய் தனிக் கவலையாவது இதனால்தான்.

ரத்தத்தில் சர்க்கரை கட்டுப்பாடின்றி இருந்தால் ஈறு நோய் வேகமாக முற்றும். ஈறில் நீடிக்கும் அழற்சி, சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதையும் கடினமாக்கும். ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களுக்கு மூன்று நான்கு மாதங்களில் எச்பிஏ1சி அளவு சராசரியாகச் சுமார் 0.4 விழுக்காட்டுப் புள்ளி குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பல் போனால் கடித்துச் சாப்பிட வேண்டிய காய்கறியும் பயறும் தட்டிலிருந்து விலகி, மென்மையான சோறே மிஞ்சுகிறது. இனிப்பு நீர் உள்ளவருக்கு அது இன்னொரு சுமை.

சுத்தம் செய்தால் பல் ஆடுமா?

“பல்லைச் சுத்தம் செய்தால் ஆடிவிடும்” என்ற பயம் பலரைக் கிளினிக்கிலிருந்து தள்ளி வைக்கிறது. காரை பற்களுக்கிடையே அடைத்துக் கிடக்கும். அதை எடுத்ததும் இடைவெளி தெரியும். எலும்பு ஏற்கெனவே கரைந்த பல்லின் ஆட்டமும் உணரப்படும். பல்லை ஆட்டியது நோய்தான், சுத்தம் அல்ல. சில நாட்களுக்குப் பல் கூச்சம் இருப்பதும் இயல்பே.

முதல் கட்டத்தில் ஸ்கேலிங் எனும் காரை நீக்கமும் சரியான துலக்கலும் போதும். நோய் முற்றியிருந்தால், மருத்துவர் ஈறுப் பையின் ஆழத்தை அளப்பார். 3 மில்லிமீட்டர் வரை இயல்பு. அதைவிட ஆழமானால் ஈறுக்கு அடியில் உள்ள வேர்ப்பகுதி வரை சுத்தம் செய்வார். சிலருக்கு ஈறு அறுவை சிகிச்சையும் தேவைப்படும். அதன் பிறகு மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனை அவசியம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

மென்மையான பிரஷால் காலையிலும் இரவு படுக்குமுன்னும் இரண்டிரண்டு நிமிடம் துலக்க வேண்டும். பிரஷைச் சற்றுச் சாய்த்து ஈறு விளிம்பில் படும்படி வைக்க வேண்டும். ரத்தம் வரும் இடத்தையும் மென்மையாகத் துலக்கத்தான் வேண்டும். பல்லிடுக்குகளை நூலால் அல்லது சிறு பிரஷால் சுத்தம் செய்யலாம். உப்புத் தண்ணீர் கொப்பளித்தால் இதமாக இருக்கும், ஆனால் காரை கரையாது. கரியும் செங்கல் தூளும் பல்லைத் தேய்த்துவிடும்.

புகையையும் பாக்கையும் விடுவது ஈறுக்கு மட்டுமல்ல, வாய்ப் புற்றுநோயைத் தடுக்கவும் உதவும். இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால் உடனே காட்ட வேண்டும்.

அரசாங்கப் பல் கிளினிக்குகளில் குடிமக்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு. இனிப்பு நீர் பரிசோதனைக்குப் போகும் அப்பா அம்மாவிடம், “துலக்கும்போது ரத்தம் வருதா?” என்று பிள்ளைகள் ஒரு வார்த்தை கேட்கலாம். “ஆமாம்” என்றால், அடுத்த வேலை பல் மருத்துவரிடம் நாள் வாங்குவதுதான்.