வாவிக்கரையிலிருந்து மலைநாட்டுக்குச் சைக்கிளில்

காத்தான்குடிப் பிரதான வீதியின் நடுவே வரிசையாக நிற்கும் பேரீச்ச மரங்களைக் கடந்து ஒரு மாலைப்பொழுதில் எத்தனை சைக்கிள்கள் செல்கின்றன என்று எண்ணப் புகுந்தால் எண்ணி முடியாது. கடைக்குச் செல்வோர், பாடசாலை விட்டு வருவோர், பள்ளிவாசலுக்கு விரைவோர் எல்லோருக்கும் அதுவே வாகனம். 2022 ஆம் ஆண்டில் நாடெங்கும் எரிபொருள் அற்றுப்போனபோது, அதனை மறந்திருந்தவர்களும் துருவைத் துடைத்து மீண்டும் ஏறி அமர்ந்தார்கள். இத்தகைய ஊரில், “சைக்கிளிலேயே மலைநாட்டுக்குப் போய் வரலாமா?” என்று மாணவர்கள் கேட்பதில் வியப்பில்லை. வாப்பாவும் உம்மாவும் அக்கேள்விக்கு உடனே சொல்லும் விடை யாவரும் அறிந்ததே. ஆயினும், போகலாம் என்பதே எமது விடை. எவ்வாறு போவது, எங்கே அஞ்சுவது என்பதைத்தான் இங்கே கூற முற்படுகிறோம்.

முதலில் எமது குறையை ஒப்புக்கொள்வோம். கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் இம்மணற்றரையில் ஏற்றம் என்று சொல்லத்தக்கது பாலங்களின் முதுகு ஒன்றே. கல்லடிப் பாலத்தை மூச்சு வாங்காமற் கடந்தவன் மலையையும் கடப்பான் என்று சொல்ல எமக்குத் துணிவில்லை. ஆனால், இறைவன் எமக்கு மலையைத் தரவில்லையாயினும் கச்சான் காற்றைத் தந்திருக்கிறான். வைகாசி தொடங்கி ஆவணி கடந்தும் மேற்கிலிருந்து வறண்டு வீசும் அக்காற்றுக்கு முகங்கொடுத்து ஒரு மணி நேரம் மிதித்துப் பாருங்கள். தரை சமமாயிருக்க, கால்கள் மட்டும் மலையேறும். பயிற்சிக்கு அதனினும் சிறந்த ஆசான் இப்பகுதியில் இல்லை.

இனி வழியைக் காண்போம். காத்தான்குடியிலிருந்து வடக்கே கல்லடி, மட்டக்களப்பு, ஏறாவூர் கடந்து செங்கலடிச் சந்தியை அடைந்தால், அங்கே மேற்கு நோக்கிப் பிரிகிறது பதுளை வீதி. இதுவே பதுளை, நுவரெலியா, கம்பளை வழியாகப் பேராதனை வரை ஏறத்தாழ 270 கிலோ மீற்றர் செல்லும் ஏ5 நெடுஞ்சாலையின் கிழக்கு முனை. கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என்று ஊர்கள் தொடர்கின்றன. காத்தான்குடியிலிருந்து பதுளைக்கு 150 கிலோ மீற்றருக்கு மேல். போர்க்காலத்தில் இவ்வழி பல ஆண்டுகள் பொதுமக்களுக்குப் பயன்படாதிருந்தது. 2007 இல் கிழக்கில் போர் ஓய்ந்த பின்னரே மக்கள் அச்சமின்றிப் போய்வரத் தொடங்கினர்.

முதல் நாளில் மகாஓயாவுக்கு மேற் செல்ல எண்ண வேண்டாம். தரை மெல்ல மெல்ல உயர்ந்தாலும் கால் அதனை உணராது. வெயிலே பெரும் பகை. இன்னொரு பகையும் உண்டு. அதற்குத் துதிக்கை இருக்கும். புல்லுமலைக்கு அப்பால் காடு சூழ்ந்த இடங்களில் விடியுமுன்னும் பொழுது சாய்ந்த பின்னும் சைக்கிளோட்டுவது வீரமன்று. காலை எட்டு மணிக்குப் பின் அக்காட்டுக்குள் நுழைந்து, மாலை நான்குக்குள் மகாஓயாவை அடைவது நன்று. அங்கே வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. அலுத்த கால்களுக்கு இதம் என்றாலும் சில கிணறுகளில் நீர் பொறுக்கவொண்ணாச் சூடுடையது. விரல் வைத்துப் பார்த்த பின் இறங்குக.

இரண்டாம் நாள் பிபிலை. தோடம்பழத்துக்குப் பேர்போன அவ்வூரில் இரண்டை வாங்கிப் பையில் இட்டுக்கொண்டு இரவு தங்கிவிடலாம். மூன்றாம் நாளே மெய்யான மலை. லுணுகலையை நோக்கி வீதி வளைந்து வளைந்து ஏற, காற்று குளிர, தேயிலைச் செடிகளும் தோட்டத் தொழிலாளரின் லயங்களும் தோன்றுகின்றன. பசறைக்கு மேலே, 2,036 மீற்றர் உயர்ந்த நமுனுகுலை மலை கண்முன் எழுந்து நிற்கிறது. பசறையையும் கடந்து ஏறிய பிறகே, கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 680 மீற்றர் மேலேயுள்ள பதுளைக்கு வீதி கீழிறங்குகிறது. வந்து சேரும் ஊரைவிட வழி உயர்ந்தது என்பதைப் புறப்படுமுன் அறிந்திருத்தல் நல்லது.

நிற்க. ஏற்றம் என்பது தோள்வலிமையின் காரியம் என்று இளைஞர் நினைக்கின்றனர். உண்மையில் அது பற்களின் காரியம். வண்டியின் பற்சக்கரத்தைச் சொல்கிறோம். எமது வீடுகளிலுள்ள சாதாரணச் சைக்கிளில் முன்னே 44 பல்லும் பின்னே 18 பல்லும் இருந்தால், ஒரு முழுமிதிக்கு வண்டி ஐந்து மீற்றருக்கு மேல் ஓடும். சமதரையில் இது சுகம். மலையிலோ ஒவ்வொரு மிதியும் ஒரு மூட்டையைத் தூக்குவது போலாகும். கியர் பூட்டிய வண்டியில் அதனை இரண்டு மீற்றருக்குக் குறைக்கலாம். பாரம் குறைய, நேரம் கூடும். கியர் வண்டிக்கு வசதியில்லாதோர் மனந்தளர வேண்டியதில்லை. சைக்கிள் கடைக் காக்காவிடம் சொல்லிப் பின்சக்கரத்தில் 22 பல்லைப் பூட்டினால் நாலரை மீற்றருக்குக் கொண்டுவரலாம். பிரான்சில் 1903 இல் தொடங்கிய புகழ்பெற்ற பெரும்போட்டியில் 1937 வரை கியர் மாற்றும் பொறிக்குத் தடை இருந்தது. மலையடிவாரத்தில் வீரர்கள் இறங்கிப் பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கத்திலுள்ள பெரிய பல்லுக்குத் திருப்பிப் பூட்டிக்கொண்டு ஏறினார்கள். அவர்களே இறங்கினார்கள் என்றால் நாம் இறங்கித் தள்ளுவதில் நாணம் என்ன?

எமது மலை வீதிகளில் ஒரு கருணையும் உண்டு. இங்கிலாந்தின் வடமேற்கேயுள்ள ஹார்ட்நொட் கணவாயில் மூன்று அடி சென்றால் ஓர் அடி ஏறவேண்டிய இடங்கள் இருக்கின்றன; தூரம் சிறிது, துன்பம் பெரிது. மாறாக, மாட்டுவண்டியில் தோட்டச் சரக்கு ஏற்றிச் சென்ற நாடு இது. ஆதலின் எமது பழைய வீதிகள் மலையை முட்டாமல் சுற்றிச் சுற்றி ஏறுகின்றன. பதுளைக்கு 1924 இல் வந்து சேர்ந்த இருப்புப்பாதையோ இன்னும் மென்மையானது. அதன் கடும் ஏற்றமே 44 அடிக்கு ஓர் அடி.

ஏற்றத்தில் எவரும் பெரிதாக அடிபடுவதில்லை, களைத்தால் நிற்பார்கள். பெற்றோர் அஞ்சவேண்டியது இறக்கத்துக்கு. ஆளும் வண்டியும் மூட்டையும் சேர்ந்து 80 கிலோ எனக் கொள்வோம். அப்பாரம் 100 மீற்றர் உயரம் கீழிறங்கும்போது வெளிப்படும் சக்தி, கால் லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது; ஒரு கோப்பைத் தேநீருக்குக் காணும். மெதுவாக இறங்குகையில் அச்சூட்டின் பெரும்பகுதியை பிறேக் கட்டையும் றிம்முமே தாங்குகின்றன. இடைவிடாது அழுத்திப் பிடித்தால் றிம் கொதித்து ரியூப் வெடிப்பதும் உண்டு. வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, இரு பிறேக்கையும் விட்டு விட்டுப் பிடித்து, இடையிடையே நின்று ஆறவிட்டுச் செல்வதே முறை. மழையில் நனைந்த இரும்பு றிம்மை பிறேக் கட்டை எளிதிற் பிடிக்காது. அவ்வேளை இறங்கி நடப்பது ஒன்றே வழி. தேய்ந்த கட்டையோடு இவ்வழியிற் புறப்படுவதை நாம் ஒருபோதும் ஆதரிக்க மாட்டோம்.

இங்கிலாந்துச் சைக்கிளோட்டிகள் 1878 இல் ஒரு சங்கம் அமைத்து, அபாயமான இறக்கங்களின் உச்சியில் எச்சரிக்கைப் பலகைகளை நாட்டினார்கள். அடிவாரத்தில் அன்று, உச்சியில்! பசறைப் பக்கத்து வீதிக்கும் அத்தகைய மதிப்புக் கொடுத்தே செல்லவேண்டும். 2021 மார்ச் 20 இல், பசறை 13 ஆம் கட்டைப் பகுதியில், சரிந்து கிடந்த பாறைக்கு அருகே ஒரு பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து 10 பேருக்கு மேல் உயிரிழந்தனர். பேருந்துக்கு வழிவிடும்போது பள்ளப் பக்கம் ஒதுங்காமல், மலைப் பக்கம் இறங்கி நின்றுவிடுவது உத்தமம்.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். ஐப்பசி முதல் தை வரை வாடைமழை எமது கரையை மட்டுமன்றிப் பதுளைச் சரிவுகளையும் நனைக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு பெய்த மழையில் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண் சரிந்து ஊர்களும் வீதிகளும் பட்ட பாட்டை நாடறியும். எனவே, புறப்படுமுன் வழிநிலையை விசாரித்தறிவது கட்டாயம். மாசி, பங்குனியே நற்காலம். மழை ஓய்ந்திருக்கும், கச்சான் தொடங்கியிராது. பதுளையோடு நில்லாமல், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியா வரை செல்ல விரும்புவோர் வெலிமடை வழியாக இன்னும் ஒரு நாள் ஏறவேண்டும். எமது கரையைவிட அங்கே பன்னிரண்டு பாகை வரை குளிர் மிகுதி, கம்பளிச் சட்டை வேண்டும். முதன்முறை செல்வோருக்குப் பதுளையே போதும்.

ஆவணியில்தான் விடுமுறை கிடைக்கிறது என்போர், போகும்போது கச்சானைத் திட்டிக்கொண்டே போகட்டும். திரும்பும் நாளில் மகாஓயாவைத் தாண்டியதும் அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். பகற்பொழுதிலேயே செங்கலடிச் சந்தி வந்துவிடும். மஃரிபுக்கு முன் பேரீச்ச மரங்களின் கீழ் வந்து இறங்கலாம்.