கடன் அட்டை: சட்டம் எதுவரை துணை நிற்கும்?

பெருங்குடியில் எங்கள் பள்ளிப் பகுதிக்கு வரும் கடன் அட்டை முகவர்கள், பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்களோடு நின்றுவிடுவதில்லை. மாதச் சம்பளம் உறுதி என்பதால் ஆசிரியர்களையும் தேடி வருகிறார்கள். எங்கள் ஆசிரியர் அறையில் அட்டை இல்லாதவர் அரிது. அட்டைதாரரின் உரிமைகள் என்னவென்று கேட்டால்தான் பதில் வருவதில்லை.

இந்த உரிமைகள் பெரும்பாலும் ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்ட நெறிமுறைகளில் வகுக்கப்பட்டவை. பெயர்தான் நெறிமுறை, வங்கிகள் கட்டாயம் பின்பற்ற வேண்டியவை. என் சக ஆசிரியை ஒருவருக்குக் கேட்காமலேயே ஓர் அட்டை வந்தது. சில மாதங்களில் ஆண்டுக் கட்டணம் என்று பில்லும் வந்தது. ஒப்புதலின்றி அட்டை வழங்கிக் கட்டணம் விதித்தால், அதை நீக்குவதோடு அதைப்போல் இரு மடங்கை அபராதமாகவும் வங்கி தர வேண்டும் என்பது விதி. அதைக் குறிப்பிட்டு எழுதியதும் கட்டணம் நீங்கியது. அபராதத்தைப் பற்றி வங்கி வாய் திறக்கவில்லை, அவரும் விட்டுவிட்டார். நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

நிலுவை ஏதுமில்லாமல் அட்டையை முடிக்கச் சொன்னால் 7 வேலை நாட்களுக்குள் முடித்தாக வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் நமக்குத் தர வேண்டும். கெடு நாள் கடந்து மூன்று நாட்களுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் விதிக்கலாம். அதுவும் கட்டாமல் விட்ட தொகைக்கு மட்டுமே.

மோசடி நடந்தால் உதவும் விதிகள் 2017 ஜூலை சுற்றறிக்கையில் வகுக்கப்பட்டவை. நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் யாரோ பணத்தை எடுத்தால், வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்துவிட வேண்டும். இழப்பு நம்மைச் சேராது. ஓ.டி.பி.யை நாமே சொல்லிவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு நம்முடையதே. புகாருக்கு 30 நாட்களில் உரிய பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். உதவி எண் 14448.

வட்டி விஷயத்தில் நிலைமை வேறு. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வசூலிப்பது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்பளித்தது. வட்டியை முறைப்படுத்துவது ரிசர்வ் வங்கியின் வேலை, ஆணையத்தின் வேலையல்ல என்று கூறி, உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று அதை ரத்து செய்தது. ஆக, அந்த 30 சதவீத உச்சவரம்பு இன்று இல்லை.

ஒருவருக்கு 50,000 ரூபாய் நிலுவை, மாத வட்டி 3.5 சதவீதம் என்று கொள்வோம். வட்டி 1,750 ரூபாய்; அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 315 ரூபாய். அவர் குறைந்தபட்சத் தொகையாக 2,500 ரூபாய் கட்டினால் அசலில் குறைவது 435 ரூபாய் மட்டுமே. இதற்கிடையே புதிதாக வாங்கும் பொருளுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஏறும். குறைந்தபட்சம் மட்டும் கட்டினால் கடன் ஆண்டுக்கணக்கில் நீளும் என்ற எச்சரிக்கையைப் பில்லில் அச்சிட வேண்டும் என்பது விதி.

எட்டாம் வகுப்பில் கூட்டு வட்டி நடத்தும்போது இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போடுகிறேன். மாணவர்கள் வீட்டில் போய்ச் சொல்கிறார்கள். ஓரிரு பெற்றோர் பில்லையே எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்ததும் உண்டு.