இனப்படுகொலையும் பெயர்ப் பதிவேடும்

இனப்படுகொலைக்குக் காரணம் பகைமையே எனப் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆயின் நெடுங்காலப் பகைமை நிலவிய இடமெல்லாம் அது நிகழவில்லை. இன்னார் இன்ன இனத்தார் என எழுதிவைக்கும் முறையையும் நாம் நோக்க வேண்டும்.

1915-இல் ஒட்டோமான் அரசு ஆர்மீனியரை அழித்தபோது, இஸ்லாத்திற்குட்படுத்தப்பட்ட பெண்களும் பிள்ளைகளும் பலர் உயிரோடு விடப்பட்டனர். ஜெர்மனியிலோ 1935-ஆம் ஆண்டு நியூரம்பர்க் சட்டங்களின்படி, பாட்டன் பாட்டியருள் மூவர் யூதராயிருப்பின், ஞானஸ்நானம் பெற்றவரும் யூதரே. அம்முன்னோர் எம்மதத்தினர் என்பதற்குச் சான்று எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளிலிருந்தே வந்தது. ஆரிய வம்சச் சான்றுக்கென அவற்றைப் படியெடுத்துக் கொடுத்தவர்கள் போதகர்களும் சபை எழுத்தர்களுமாவர். பலர் வழக்கமான அலுவலாகவே அதைச் செய்தனர். அதுவே நம்மை மிகவும் கலங்கச் செய்கிறது.

ருவாண்டாவில் ஹூட்டு, துத்சி ஆகிய இருசாராருக்கும் மொழி ஒன்று. சபையும் பெரும்பாலும் ஒன்றே. முன்பிருந்த வேறுபாட்டைப் பெல்ஜிய ஆட்சி 1930-களில் அடையாள அட்டையில் எழுதி மாறாததாக்கிற்று. 1962-இல் நாடு விடுதலை பெற்ற பின்னும் அவ்வட்டை நீடித்தது. 1994-இல் சாலைத் தடைகளில் கொலைஞர் கேட்டது அதனையே. நியாமாட்டா ஆலயத்தில் அடைக்கலம் புகுந்தோர் அங்கேயே கொல்லப்பட்டனர். பின்வந்த அரசு அட்டையிலிருந்து இனக்குறிப்பை நீக்கியது.