கருப்பைப் படமும் சிறுநீரகமும்

தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் அண்மையில் உள்ள சயான் மாநகராட்சி மருத்துவமனைக்குச் ‘சோனோகிராபி’ எடுக்கச் செல்லும் பெண்கள், நிறைய நீர் அருந்திச் சிறுநீரை அடக்கிக்கொண்டு காத்திருப்பதுண்டு. ஒலியலைக்குக் காற்று தடை, நீர் வழி. நிறைந்த நீர்ப்பை குடலை விலக்கி, பின்னே இருக்கும் கருப்பையைக் காட்டிக்கொடுக்கிறது.

கருப்பையைப் பார்க்க வந்தவளின் சிறுநீரகத்தையும் மருத்துவர் பார்ப்பானேன்? கருவின் ஆறாம் வார அளவில், சிறுநீரகத்துக்குரிய குழாயை ஒட்டியே கருப்பைக்குரிய குழாய்கள் இரண்டு வளர்கின்றன. பின்னர் அவை ஒன்றாய் இணைய, இடைச்சுவர் கரைந்துவிடும். ஆகவே பிறவியில் ஒரு சிறுநீரகம் இல்லாதவளுக்குக் கருப்பையின் அமைப்பும் மாறியிருத்தல் கூடும்.

கரு அடுத்தடுத்துக் கலைந்தால் ‘ராசியில்லாதவள்’ என்று பழிப்பது நம்மவர் வழக்கம், கொடிய வழக்கம். குழாய்கள் இணையாமலோ, சுவர் கரையாமலோ போனதற்கு அவள் என் செய்வாள்? மாதவிலக்கு நின்றபின், பத்தாம் நாளுக்குள், மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்-ரேயில் இவ்விரு குறைகளும் இரண்டு அறைகளாகவே தோன்றும். அது உட்குழியின் நிழல் மட்டுமே. புறவடிவையும் காட்டும் முப்பரிமாண ஒலிப்படமோ எம்.ஆர்.ஐ.யோதான் இரண்டையும் பிரித்தறியும். இது வீண் செலவன்று. சுவராயின், தேவைப்படும்போது, வயிற்றைக் கீறாமலே அகற்றலாம். பிளவுபட்ட கருப்பையில் அவ்வாறு வெட்டப் புகுந்தால் துளை விழும்.

பேறுகாலத்துக்குத் திருநெல்வேலிப் பக்கம் செல்பவர்கள் இப்படங்களையும் அறிக்கைகளையும் மறவாது உடன் கொண்டுசெல்க. ஒற்றைச் சிறுநீரகம் என்பதை அங்குள்ள மருத்துவர் முன்னரே அறிந்தால், இரத்த அழுத்தத்தையும் சிறுநீரையும் தொடக்கத்திலிருந்தே கவனித்து வருவார்.