மாத்திரையை நிறுத்தலாகாது

மார்பகப் புற்றுநோய்க்கு ரண சிகிச்சை முடிந்து ஊர் திரும்பும் ஸ்திரீகளுள் பலர், நோய் மீளாதிருக்கும் பொருட்டு அளிக்கப்படும் ஹார்மோன் மாத்திரையைப் பாதியிலேயே கைவிடுகின்றனர். இது பெருந்தீங்கு. ஹார்மோனைச் சார்ந்து வளரும் புற்றுநோயில், டாமாக்ஸிபென் மாத்திரையை 5 ஆண்டுகள் உட்கொண்டால் அந்நோயால் நேரும் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும் என்பது ஆராய்ச்சியில் நிலைநாட்டப்பட்ட உண்மை.

கைவிடுவானேன்? உபாதைகளே காரணம். திடீரென உடலெங்கும் அனல் பரவி வியர்க்கிறது. வேறு வகை மாத்திரைகளால் மூட்டுகள் நோகின்றன, எலும்பும் மெலிகிறது. ராமேசுவரம், பாம்பன் கரைகளில் கடற்பாசி எடுக்கும் பெண் இவற்றை வெயிலின் கொடுமையென்றும் வேலையின் அலுப்பென்றும் எண்ணக்கூடும்; அந்தரங்க உபாதைகளையோ வெளியிட நாணுவாள். மெல்லிய பருத்தியுடையும் தினசரி நடையும் ஓரளவு உதவும். தாங்கவொண்ணாதாயின் வைத்தியர் மருந்தையே மாற்றித் தரலாம். மாதவிடாய் நின்றபின் உதிரப்போக்கு, ஒரு காலில் வீக்கம், மூச்சுத்திணறல் ஆகியவை கண்டால் மட்டும் தாமதம் கூடாது. அன்றே வைத்தியரை அணுக வேண்டும்.

சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-ல் சென்னை அடையாற்றில் ஆஸ்பத்திரி கண்டார். அவ்வளவு தொலைவு அடிக்கடி செல்ல ஏழைகளுக்கு இயலுமா? ராமநாதபுரத்திலேயே 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்கே மாத்திரை தடையின்றிக் கிடைக்கவும், நோயாளி சொல்லக் காத்திராமல் உபாதைகளை விசாரித்தறியப் பெண் ஊழியர் இருக்கவும் சர்க்கார் ஏற்பாடு செய்ய வேண்டுமென வற்புறுத்துகிறோம்.

சகோதரிகளே, துன்பத்தைச் சொல்லுங்கள்; சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.