மேட்டுக்குத் திரும்பும் மணிச்சத்து

ஜீவராசிகளின் சரீரத்தை ஆக்கும் மூலப்பொருள்களில் பெரும்பாலானவை ஆகாய மார்க்கமாகப் போய்வரக் கூடியவை. கரி, கரியமிலவாயுவாகி உலகெங்கும் உலவுகிறது. நைட்ரஜன் காற்றில் ஐந்தில் நான்கு பங்காக நிறைந்திருக்கிறது. ஹைட்ரஜனும் பிராணவாயுவும் நீராவியாய் எழுந்து மழையாய் இறங்குகின்றன. உழவர்கள் மணிச்சத்து என்றும் ரசாயன சாஸ்திரிகள் பாஸ்பரஸ் என்றும் சொல்லும் பொருளுக்கு மாத்திரம், புழுதியோடு புழுதியாகப் பறப்பதைத் தவிர, காற்றில் நடமாட்டம் ஏறத்தாழ இல்லை. ஆகவே அது பாறையிலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து பயிருக்கும், பயிரிலிருந்து பிராணிகளுக்கும் சென்று, கடைசியில் வெள்ளத்தோடு பள்ளம் நோக்கி ஓடிச் சமுத்திரத்தின் அடியில் படிகிறது. அங்கே வண்டலாய் இறுகிப் பாறையாகி, பூமியின் அசைவினால் மறுபடியும் நிலமாய் எழுந்துவரக் கோடிக்கணக்கான வருஷங்கள் செல்லும். இறங்குவது எளிதாகவும் ஏறுவது அரிதாகவும் அமைந்த இந்த இயல்பே மணிச்சத்தின் சரித்திரம் முழுவதையும் நிர்ணயிக்கிறது.

1669-ஆம் வருஷம் ஹாம்பர்க் நகரத்தில் ஹென்னிக் பிராண்ட் என்ற ரசவாதி, பொன் செய்யும் ஆசையால் மூத்திரத்தைக் கொப்பரை கொப்பரையாகக் காய்ச்சி வற்றவைத்தபோது, இருளில் தானே ஒளிரும் ஒரு பொருளைக் கண்டார். அது பாஸ்பரஸ். ஏறக்குறைய நூறு வருஷங்களுக்குப் பின் ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானிகளான கானும் ஷீலேயும் எலும்பிலும் அது உண்டென்று காட்டினார்கள். வளர்ந்த மனிதன் ஒருவனுடைய உடம்பில் சுமார் 700 கிராம் பாஸ்பரஸ் இருக்கிறது. அதில் 85 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் சுண்ணச்சத்தோடு கலந்து கிடக்க, எஞ்சிய சொற்ப பாகமே பரம்பரைக் குணங்களைத் தாங்கும் டி.என்.ஏ. இழையைக் கோத்துப் பிடிப்பதும், உயிரணுக்களுக்குள் சக்தியைக் கைமாற்றிக் கொடுப்பதுமான வேலைகளைச் செய்கிறது. வேறொரு மூலப்பொருளால் ஈடுசெய்ய முடியாத வேலைகள் இவை.

மண்ணுக்குள் அதன் பிரயாணம் மிகவும் மந்தமானது. மணிச்சத்து அடங்கிய அப்படைட் என்னும் கனிமத்தை மழைநீரும் வேர்கள் கசியும் அமிலங்களும் மெல்ல மெல்லக் கரைக்கின்றன. ஆனால் கரைந்த சத்து நீரில் நிலைப்பதில்லை. புளிப்பு மிகுந்த செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதைப் பற்றிக்கொள்கின்றன. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் கால்சியம் பற்றிக்கொள்கிறது. இதனால், ஏராளமான மணிச்சத்து புதைந்துள்ள வயலிலேயே பயிர் அதற்கு ஏங்கி நிற்கக் காண்கிறோம். இளம் மக்காச்சோளப் பயிரின் இலையோரங்கள் பச்சை மாறி ஊதா நிறம் கொள்வதும், வேர் குன்றிப்போவதும் அந்த ஏக்கத்தின் அடையாளங்கள். நைட்ரஜன் உப்பு பாய்ச்சும் நீரோடு வேரை நாடி வரும், மணிச்சத்தோ வராது. தன்னைச் சுற்றி ஓரிரண்டு மில்லிமீட்டர் தூரத்துக்குள் உள்ளதை எடுத்துத் தீர்த்துவிட்ட வேர், மேலும் வேண்டுமானால் புதிய மண்ணைத் தேடி வளர்ந்தே ஆகவேண்டும்.

இங்கேதான் பூஞ்சணம் துணைக்கு வருகிறது. வேரோடு ஒட்டி வாழும் ஒருவகைப் பூஞ்சணம், வேரிலுள்ள மயிரைவிட மெல்லிய இழைகளை, வேர் நுழையமுடியாத மண்துளைகளுக்குள் வெகுதூரம் செலுத்தி, அங்கிருந்து மணிச்சத்தை ஏந்திவந்து செடிக்குக் கொடுத்து, பதிலுக்குச் செடி சமைத்த சர்க்கரையைப் பெற்றுக்கொள்கிறது. ஸ்காட்லாந்தில் ரைனி என்ற கிராமத்தருகே கிடைத்த, நாற்பது கோடி வருஷத்துக்கு முற்பட்ட தாவரக் கற்பதிவுகளிலேயே இந்தக் கூட்டுறவின் தடயம் தெளிவாகத் தெரிகிறது. தாவரங்கள் நீரைவிட்டுத் தரையில் ஏறிக் காலூன்றிய நாளிலேயே இந்தத் தோழமையும் இருந்தது என்பதை எண்ணும்போது, வயலை ஓயாமல் கிளறி அந்த இழைகளை அறுத்தெறிவதற்கு முன் நாம் சற்றே யோசிக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

மண்ணில் இவ்வளவு அரிதாகக் கிடைப்பது, மண் அரிக்கப்பட்டு ஏரியில் விழுந்தவுடன் தொல்லையாகிவிடுகிறது. 1973-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் டேவிட் ஷிண்ட்லரும் அவருடைய சகாக்களும் சிறிய ஏரி ஒன்றை நடுவே திரைகட்டி இரண்டாகத் தடுத்து, இரு பாகங்களிலும் கரிச்சத்தும் நைட்ரஜனும் இட்டு, ஒன்றில் மட்டும் பாஸ்பரஸைச் சேர்த்தார்கள். அந்தப் பாகம் மட்டும் பாசி பிடித்துப் பச்சையாயிற்று. விமானத்திலிருந்து எடுத்த புகைப்படத்தில் அந்த வித்தியாசம் குழந்தைக்கும் விளங்கும். பாசி செத்து அழுகுகையில் நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்து மீன்கள் மடிகின்றன. பிராணவாயு அற்ற அடிச்சேற்றிலோ, அதுவரை இரும்பு பற்றிவைத்திருந்த மணிச்சத்தும் விடுபட்டு மேலே வந்து அடுத்த பாசிக்கு உணவாகிறது. வெளியிலிருந்து வருவதை நிறுத்திய பின்னும் சில ஏரிகள் பல வருஷங்கள் தெளியாததற்குக் காரணம் இதுவே.

பள்ளத்துக்குப் போனதை மேட்டுக்குக் கொண்டுவரக் காலும் சிறகும் உடைய ஜீவன்கள் வேண்டும். பெரு நாட்டின் சின்சா தீவுகளில் கடற்பறவைகள் மீனைத் தின்று இட்ட எச்சம் மலையாய்க் குவிந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய வயல்களுக்குக் கப்பல் கப்பலாகச் சென்றது. அதே தொழில் நம் செங்கல்பட்டுச் சீமையின் வேடந்தாங்கலில் சிறிய அளவில் வருஷந்தோறும் நடந்துவருகிறது. மழைக்காலத்தில் நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் கரண்டிவாயனும் ஏரிநீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டி, சுற்றுவட்டாரத்துக் குளங்களிலும் வயல்களிலும் இரை தேடுகின்றன. நத்தைகுத்தி நாரை, கீழலகின் நுனியை நத்தையின் மூடிக்கடியில் செலுத்தித் தசையை அறுத்து, ஓட்டைப் பெரும்பாலும் உடைக்காமலே உள்ளிருப்பதை உருவியெடுக்கிறது. இப்படி நாலா திசைகளிலும் சிதறிக்கிடந்த நத்தையும் மீனும் எச்சமாகி ஒரே ஏரியில் விழ, அந்த நீர் பாயும் வயல்கள் செழிக்கின்றன. பறவைகளைச் சிப்பாய்கள் சுட்டபோது ஊரார் முறையிட்டார்கள் என்றும், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கலெக்டர் லயனல் பிளேஸ் அவற்றைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுதிக்கொடுத்தார் என்றும் சொல்வார்கள். பாஸ்பரஸ் என்ற பெயரைக் கேட்டிராத அந்தக் குடியானவர்களின் அறிவை நான் பெரிதும் மதிக்கிறேன். கோடையில் ஏரிவண்டலை வண்டியேற்றி வயலில் கொட்டியதும், அறுவடையான நிலத்தில் ஆட்டுக்கிடை போட்டதும் அதே அறிவின் வேறு காரியங்களே.

நெல்லும் பருப்பும் நகரத்துக்குப் போய், அவற்றின் சத்து சாக்கடை வழியே கடலை அடையத் தொடங்கியபின் அந்தச் சுற்று அறுந்துபோயிற்று. ஈடுசெய்ய, 1842-இல் இங்கிலாந்தில் ஜான் லாஸ், எலும்பையும் பாஸ்பேட் கனிமத்தையும் கந்தகாமிலத்தில் கரைத்து சூப்பர் பாஸ்பேட் செய்யும் முறைக்கு உரிமை பெற்றார். 1906-இல் நம் இராணிப்பேட்டையிலும் அத்தொழில் ஆரம்பமாயிற்று. ஆனால் பாறையோ தோண்டத் தோண்டக் குறைவது. பசிபிக் சமுத்திரத்து நவ்ரூ தீவின் நடுப்பகுதி, பாஸ்பேட்டை வாரியெடுத்தபின் கூர்கூரான சுண்ணப்பாறைகள் நீட்டிநிற்கும் பாழ்நிலமாகிவிட்டது. உலகில் அறியப்பட்ட இருப்பில் பெரும்பங்கு மொராக்கோவின் வசத்தில் இருக்க, இந்தியா தன் தேவையில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது.

அறுந்த சுற்றை மறுபடியும் இணைக்க வழி சாக்கடையிலேயே இருக்கிறது. கழிவுநீர் நிலையங்களின் குழாய்களில் தானாகவே படிந்து அவற்றை அடைத்துவந்த ஸ்ட்ரூவைட் என்னும் படிகம், மக்னீசியமும் அம்மோனியாவும் பாஸ்பேட்டும் கூடிய சுத்தமான உரம். இப்போது பல நாடுகளில் அதை வேண்டுமென்றே விளைவித்து உழவர்களுக்கு விற்கிறார்கள். ஜெர்மனி 2017-இல் பிறப்பித்த விதிகளின்படி, பெரிய கழிவுநீர் நிலையங்கள் 2029 முதல் தங்கள் கசடிலிருந்து பாஸ்பரஸை மீட்டெடுத்தே தீரவேண்டும். நம் பெருநகரங்களுக்கும் இப்படி ஒரு விதி தேவை; கடலுக்குள் போவது விளைநிலத்தின் முதல் அல்லவா?