அவையும் படக்கருவியும்



பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்து, தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் நாகபுரியிலும் வாழ்ந்துவரும் நம்மவருக்கு ஒரு நாட்டிய நிகழ்ச்சியோ பட்டிமன்றமோ இசைக் கச்சேரியோ நாள்தோறும் வாய்ப்பதன்று. சென்னையில் மார்கழி மாதத்தில் ஒரு சபையில் இடம் கிடைக்காவிட்டால் வேறொரு சபைக்குப் போய்விடலாம். இங்கேயோ, ஆண்டுக்கு ஒரு பொங்கல் விழா, ஒரு தியாகராஜ ஆராதனை, ஒரு பாரதி விழா என்று விரல்விட்டு எண்ணும்படியாகவே நமக்கு உரிய மாலைப் பொழுதுகள் அமைகின்றன. அவற்றுக்காக நகரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இரண்டு மூன்று வண்டிகள் மாறி வருகிறோம். அப்படி வந்து அமர்ந்த பின்னர், மேடைக்கும் நம் கண்ணுக்கும் இடையே உயர்ந்து நிற்கும் கைகளும், அக்கைகளில் ஒளிரும் கைப்பேசித் திரைகளுமே காட்சி தருமானால், வந்ததன் பயன் யாது?

இந்த உபத்திரவத்தைப் பற்றியும், அதனைச் சண்டை சச்சரவின்றித் தவிர்க்கும் வழிகளைப் பற்றியுமே இன்று பேச விரும்புகிறேன். ஆயினும், பிறரைக் குறை கூறுமுன் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நானும் அக்குற்றத்தைச் செய்தவனே.

சில ஆண்டுகளுக்கு முன், தில்லியில் நடந்த ஒரு பொங்கல் விழாவில் என் மகள் ஏழெட்டுக் குழந்தைகளுடன் சேர்ந்து கும்மியடித்தாள். நிகழ்ச்சி தொடங்கியதும் நான் இருக்கையை விட்டு எழுந்து, கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, ஆட்டம் முடியும்வரை நின்றபடியே படம் பிடித்தேன். பின்னால் இருந்தவர் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே யாருக்கும் இடையூறில்லை என்றே எண்ணிக்கொண்டேன். கைதட்டல் அடங்கிய பிறகு, பின்வரிசையில் இருந்த ஒரு மூதாட்டி என் தோளை மெல்லத் தொட்டார். "தம்பி, நீங்கள் எடுத்த படத்தில் என் பேரன் இருக்கிறானா? சற்றுக் காட்டுங்களேன்" என்றார். அவர் ஃபரீதாபாத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி, அந்த ஐந்து நிமிட ஆட்டத்தைக் காண்பதற்காகவே வந்திருந்தார். நான் படத்தை ஓட்டிக் காட்டினேன். முழுவதும் என் மகளின் முகமே. ஓரத்தில் இரண்டொரு முறை ஒரு சிறுவனின் கை வந்து மறைந்தது. "அது அவன் கைதான்" என்று சொல்லி அவர் புன்னகை செய்தார். கடிந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவு வருத்தம் ஏற்பட்டிராது.

பார்ப்பவன் கண்ணை மறைப்பது சிறு குற்றமன்று என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில், மாதவி ஆடிய அரங்கின் அளவை இளங்கோவடிகள் குறிப்பிடுகிறார். இருபத்து நான்கு விரல் கொண்டது ஒரு கோல். அக்கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்பது கணக்கு. அளவு கூறியதோடு அவர் நின்றுவிடவில்லை. அரங்கின் தூண்களுடைய நிழல் இடையூறு செய்யாமல் புறத்தே விலகும்படி விளக்குகளை அமைத்தனர் என்பதையும் சொல்லி வைத்தார். கட்டடத்துக்கு இன்றியமையாத தூணின் நிழலைக்கூடப் பொறுக்காத மரபில் வந்த நாம், இன்று நாமே எழுந்து தூண்களாக நிற்கிறோம்!

இனி, இவ்வாறு நின்று எடுக்கும் படங்களால் எடுப்பவருக்கேனும் பயனுண்டா என்று பார்ப்போம். இருண்ட மண்டபத்தில் பலர் மின்னொளியைப் பளிச்சிட்டுப் படம் எடுக்கின்றனர். ஒளிக்கு ஓர் இயல்புண்டு. தொலைவு இரு மடங்கானால், விழும் ஒளியின் செறிவு நான்கில் ஒன்றாகக் குறையும். தொலைவு ஆறு மடங்கானால், முப்பத்தாறில் ஒன்றாகக் குறையும். சிறிய படக்கருவிகளில் உள்ள மின்னொளி ஏறக்குறைய 3 முதல் 5 மீட்டர் வரைதான் நன்கு பயன் தரும். கைப்பேசியின் விளக்கு அதனினும் குறைவு. இருபதாவது வரிசைக்கும் மேடைக்கும் இடையே 18 மீட்டருக்குக் குறையாத தொலைவு இருக்கும். அங்கிருந்து பளிச்சிடும் ஒளி மேடையைச் சேர்வதேயில்லை; முன்வரிசையினரின் தலைமுடியையும் வழுக்கையையுமே வெளிச்சமிட்டுக் காட்டும். கருவியும் அந்த வெளிச்சத்தையே கணக்கில் கொள்வதால் மேடை முன்னிலும் இருண்டு பதிவாகும். ஆக, எடுத்தவருக்கு நல்ல படமும் இல்லை. இருந்தவருக்கு நல்ல காட்சியும் இல்லை.

முன்வரிசையில் அமர்ந்து பளிச்சிடுவோரின் கதை வேறு. அவர்களுடைய ஒளி ஆடுபவரின் கண்ணை நேரே தாக்குகிறது. திடீர் ஒளியைக் கண்ட கண்ணில் சில நொடிகள் ஒரு புள்ளி மிதந்துகொண்டே இருக்கும் என்பது நாம் அனைவரும் அறிந்ததே. சுழன்று ஆடும் பெண்ணுக்கு மேடையின் விளிம்பு எங்கே என்று தெரிய வேண்டும். அபிநயத்திலோ கண்ணே கருவி. அக்கண்ணைக் கூசச் செய்துவிட்டுப் பாவத்தை எதிர்பார்ப்பது, வீணையின் தந்தியை அறுத்துவிட்டு நாதத்தை எதிர்பார்ப்பது போலாகும். அன்றியும், இருளுக்குப் பழகிய நம் கண்கள், அருகில் ஒரு திரை ஒளிர்ந்து அணைந்தால், மீண்டும் முற்றிலும் பழகுவதற்கு இருபது முப்பது நிமிடங்கள்கூட ஆகும். ஒருவர் ஒரு செய்தியைப் பார்ப்பதற்காக அரை நிமிடம் திரையைத் திறப்பது, அண்டையில் இருப்பவருக்கு அரை நிமிட இழப்பு அன்று.

படக்கருவி இல்லாதவர் எல்லாரும் குற்றமற்றவர் என்று சொல்லிவிட முடியாது. ஜனவரி 26ஆம் நாள் குடியரசு தின அணிவகுப்பைக் காண, ஊரிலிருந்து வந்த உறவினரை அழைத்துக்கொண்டு, முன்னர் ராஜபாதை என்று வழங்கி 2022இல் கர்த்தவ்ய பாதை எனப் பெயர் மாறிய சாலைக்குச் சென்றவர்கள் இதனைக் கண்டிருப்பார்கள். அலங்கார வண்டிகள் வரும் வேளையில் முன்வரிசையில் ஒருவர் எழுவார். அவர் பின்னால் இருப்பவர் வேறு வழியின்றி எழுவார். ஒரு நிமிடத்தில் அந்தப் பகுதி முழுவதும் எழுந்துவிடும். சிலர் நாற்காலிமேலும் ஏறிவிடுவர். எல்லாரும் அமர்ந்திருந்தபோது எவ்வளவு தெரிந்ததோ அவ்வளவே எல்லாரும் நின்றபோதும் தெரியும். மிஞ்சியது கால்வலி ஒன்றே. எழ இயலாத முதியவரும், உயரம் போதாத குழந்தைகளும் உள்ளதையும் இழந்தனர்.

கச்சேரிகளில் வேறு வகை. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காப்பி அருந்த எழுந்து செல்லும் வழக்கத்தை நாம் ஊரிலிருந்து உடன் கொண்டுவந்திருக்கிறோம். மிருதங்க வித்துவான் அந்தப் பத்து நிமிடத்துக்காகவே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து வந்திருக்கக்கூடும். கடைசி வண்டியைப் பிடிக்க வேண்டியவர் தொடக்கத்திலேயே நடைபாதை ஓரத்து இருக்கையில் அமர்ந்துகொண்டால், ஒரு வரிசை முழுவதையும் எழுப்பாமல் வெளியேறலாம்.

இவற்றைத் தடுக்கச் சட்டம் இல்லையா என்று சிலர் கேட்கலாம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில், 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வாயிலாக, நிகழ்த்துவோருக்கு உரிய தனி உரிமை சேர்க்கப்பட்டது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை மேலும் விரிவாக்கியது. நடிகர், பாடகர், நாட்டியக்காரர் ஆகியோருடன் பாம்பாட்டியும் சொற்பொழிவாளரும் ஒரே வரிசையில் அச்சட்டத்தில் இடம்பெறுகின்றனர். அவர்களுடைய நிகழ்ச்சியைப் பதிவு செய்து, அவர்கள் இசைவின்றிப் பொதுமக்களுக்குப் பரப்புதல் கூடாது. இவ்வுரிமை ஐம்பது ஆண்டுகளுக்கு உண்டு. ஆனால், தம் சொந்த உபயோகத்துக்காக ஒருவர் செய்துகொள்ளும் பதிவுக்கு அச்சட்டமே விலக்களிக்கிறது. ஆகவே, பாட்டு முழுவதையும் பதிவு செய்து இணையத்தில் ஏற்றுபவர் சட்டத்துக்கு அஞ்ச வேண்டும். தம் குழந்தையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளும் தந்தையோ அஞ்ச வேண்டுவதில்லை. போலந்து நாட்டுப் பியானோ மேதை கிறிஸ்டியன் சிமெர்மன், 2013ஆம் ஆண்டில் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் வாசித்துக்கொண்டிருந்தபோது, ஒருவர் கைப்பேசியில் பதிவு செய்வதைக் கண்டு மேடையை விட்டே சற்று நேரம் வெளியேறினார். அவர் உதவிக்குச் சட்டம் அந்த நொடியில் வந்துவிடவில்லை. மண்டபத்துக்குள் நம்மைக் காப்பது முன்னேற்பாடும் மரியாதையுமே.

முதலில் முன்னேற்பாட்டைக் கவனிப்போம். விழாவை நடத்தும் சங்கத்தார் "படம் எடுக்கக் கூடாது" என்று மட்டும் அறிவித்தால் பயனில்லை. பெற்றோருக்குத் தம் குழந்தையின் படம் வேண்டும். ஊரிலுள்ள தாத்தா பாட்டிக்கு அனுப்ப வேண்டும். அந்த ஆசை நியாயமானது. அதற்கு ஒரு வழியைத் திறந்துவிட்டால்தான் மற்ற வழியை அடைக்க முடியும். முந்திய நாள் ஒத்திகையின்போது முழு உடையலங்காரத்துடன் படம் எடுக்க இடமளிக்கலாம்; அல்லது நிகழ்ச்சி முடிந்ததும் பத்து நிமிடம் குழந்தைகளை மேடையிலேயே நிறுத்தி வைக்கலாம். ஒருவரே நல்ல இடத்திலிருந்து முழு நிகழ்ச்சியையும் படம் பிடித்து எல்லாப் பெற்றோருக்கும் பகிர்ந்தளித்தால், எழுபது கைகள் உயர வேண்டிய தேவையே இராது. அவ்வாறு எடுக்கும் படத்தில் எல்லாக் குழந்தைகளும் இருப்பர் என்பதையும் நான் இங்கே சொல்லியாக வேண்டும்.

தொழில்முறைப் படக்காரரைக் கடிவதும் முறையன்று. நல்ல படம் தராவிட்டால் அவருக்குக் கூலி இல்லை. எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லாததாலேயே அவர் நட்ட நடுவில் நிற்கிறார். மண்டபத்தின் இரு பக்கங்களிலும் ஓரிடத்தைக் குறித்துக் கொடுத்து, மின்னொளி கூடாது என்று முன்கூட்டியே பேசிவிட வேண்டும். மேனாட்டு இசை நிகழ்ச்சிகள் பலவற்றில், முதல் மூன்று பாட்டுகளுக்கு மட்டும், அதுவும் மின்னொளியின்றி, பத்திரிகைப் படக்காரரை அனுமதிப்பது வழக்கம். நாமும் முதல் உருப்படியோடு வரையறுத்துக்கொள்ளலாம். அறிவிப்பைத் தமிழில் மட்டுமின்றி, அவ்வூர் மொழியிலும் செய்வது நலம். ஏனெனில் நம் விழாவுக்கு அண்டை வீட்டாரும் வருகின்றனர்.

அடுத்து, இத்தனைக்குப் பிறகும் ஒருவர் நமக்கு முன்னால் எழுந்து நின்றால் என் செய்வது? பின்னாலிருந்து கூச்சலிடுவதால், ஒருவர் கெடுத்த அமைதியை நாமும் சேர்ந்து கெடுக்கிறோம். பாட்டோ ஆட்டமோ முடிந்து கைதட்டும் இடைவெளிக்குக் காத்திருந்து, அருகில் சென்று, தாழ்ந்த குரலில் கூற வேண்டும். அவர் செய்தது தவறு என்று கூறுவதைவிட நம் நிலையைக் கூறுவது மேல். "ஐயா, பின்னால் அம்மாவுக்குத் தெரியவில்லை, கொஞ்சம் உட்காருகிறீர்களா?" என்றால் பெரும்பாலோர் வெட்கி அமர்ந்துவிடுவர். கேளாதவரிடம் வாதிட வேண்டா, தொண்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். அந்த "கொஞ்சம்" என்னும் சொல் வெறும் அளவைக் குறிப்பதன்று. கட்டளையை வேண்டுகோளாக மாற்றும் சொல் அது. தில்லியில் "பாய் சாஹப், ஜரா பைட் ஜாயியே" என்பர். மும்பையில் மராத்தியர் "பாவூ, ஜரா பஸா" என்பர். கொல்கத்தாவில் "தாதா, ஏக்டு போஷுன்" என்பர். பெங்களூரில் "ஸ்வல்ப கூத்கொள்ளி" என்பர். ஜரா, ஏக்டு, ஸ்வல்ப என்று அந்தந்த மொழியும் தன் "கொஞ்ச"த்தை வைத்திருக்கிறது. உறவுமுறை சொல்லி அழைக்கவும் மறப்பதில்லை. வேற்றூரில் வாழும் நாம், அவ்வூர் மொழியில் வேறு எதைக் கற்காவிடினும், இந்த ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டால் பாதிச் சண்டை வராது.

இறுதியாக, கருவியைக் கையில் வைத்திருக்கும் நண்பருக்கு ஒரு வார்த்தை. இருந்த இடத்தில் அமர்ந்தபடியே, கருவியை மார்பு மட்டத்துக்கு மேல் உயர்த்தாமல், ஒளியும் ஒலியும் இன்றி, இரண்டொரு படம் எடுத்துக்கொண்டு உள்ளே வைத்துவிடுங்கள். எழுந்துதான் ஆக வேண்டுமென்றால் கடைசி வரிசைக்குப் பின்னால் சென்று சுவரோரம் நில்லுங்கள். எழுமுன் ஒருமுறை திரும்பிப் பின்னால் யார் இருக்கிறார் என்று பாருங்கள்.

நான் அன்று திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஆட்டம் மறுபடி நடக்கப்போவதில்லை. அந்தப் பேரன் இப்போது வளர்ந்திருப்பான். என் கைப்பேசியில் அந்தப் படம் இன்றும் இருக்கிறது. என் மகளைக் காணத் திறக்கும்போதெல்லாம், ஓரத்தில் வந்து மறையும் அந்தச் சிறு கையே என் கண்ணில் முதலில் படுகிறது. அடுத்த ஆண்டு முதல், குழந்தைகள் மேடையேறும்போது நான் அமர்ந்தே பார்த்து வருகிறேன்.